கை காட்டினால் நிற்க வேண்டும். சாவியையும் கொடுக்க வேண்டுமா?

திண்டுக்கல், கரூர், ஒட்டன்சத்திரம், வடமதுரை, எரியோடு என்று நாலா பக்கமும் சாலை பிரிகிற ஊர் வேடசந்தூர். சுற்றிலும் நூற்பாலைகள். ஷிப்ட் விடும் நேரத்தில் ஆத்துமேட்டுப் பக்கம் நின்றால் டிவிஎஸ் எக்ஸ்எல், பழைய ஸ்பிளெண்டர், தவணையில் எடுத்த புது ஸ்கூட்டர் என்று இருசக்கர வண்டிகளாகவே ஓடிக்கொண்டிருக்கும். எதிரே வருகிறவர் முகப்பு விளக்கைச் சிமிட்டினாலோ, உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினாலோ விஷயம் இதுதான்: முன்னால் போலீஸ் நிற்கிறது. ஹெல்மெட் பெட்ரோல் டாங்கிலிருந்து தலைக்கு ஏறும். ஹெல்மெட்டே இல்லாதவர் தோட்டத்துப் பாதையில் திரும்புவார். மாட்டிக்கொண்டவரிடம் கேட்கப்படுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான்: வண்டியை ஓரங்கட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எடு.

ஹெல்மெட் போட்டிருக்கிறேன், வேகமாகப் போகவில்லை, பின்னால் ஒருவரைத்தான் ஏற்றியிருக்கிறேன். ஒரு தப்பும் செய்யாத என்னை எதற்கு நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்வி நியாயமானது. வேடசந்தூர்க்காரர்கள் மட்டும் கேட்கிற கேள்வியும் அல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் கனடாவின் கியூபெக் மாகாண நீதிமன்றங்களிலும் இதே கேள்வி வழக்காகியிருக்கிறது. அங்கே கிடைத்த விடை வேறு, நம் சட்டம் தரும் விடை வேறு.

நம் சட்டப்படி நிறுத்தலாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 130-ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் வண்டி ஓட்டுகிற எவரும் சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, புகைச் சான்று ஆகியவற்றுக்கு 158-ஆவது பிரிவு இருக்கிறது. அதன்படி கேட்கிறவர் சீருடையில் இருந்தால் மட்டும் போதாது, மாநில அரசின் அதிகாரம் பெற்றவராகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு பிரிவுகளிலும் 'சந்தேகம்' என்ற நிபந்தனை கிடையாது. காரணம் சொல்லாமல் கேட்கலாம். காட்டுவது ஓட்டுகிறவரின் கடமை. நிற்காமல் போனால் அதிகாரியின் சட்டப்படியான உத்தரவை மீறியதற்காக 179-ஆவது பிரிவில் ரூ.2,000 வரை அபராதம் விதிக்கலாம். சாதா உடையில் வந்து ஆர்.சி. கேட்கிறவருக்கு இந்தப் பிரிவுகள் எந்த அதிகாரமும் தரவில்லை.

இதுவரைக்கும் சட்டம் காவலர் பக்கம். அதற்குப் பிறகு அவருடைய கைக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எல்லை உண்டு. சாலையோரத் தகராறுகளில் பெரும்பாலானவை அந்த எல்லைகள் இரு தரப்புக்கும் தெரியாததால் மூள்பவை.

கேட்பது வேறு, பிடித்து வைப்பது வேறு

வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் 207-ஆவது பிரிவில் இருக்கிறது. அங்கே 'நம்புவதற்குக் காரணம் இருந்தால்' என்ற நிபந்தனை முதலிலேயே வந்துவிடுகிறது. எதை நம்புவதற்கு என்பதையும் பிரிவே வரிசையாகச் சொல்கிறது: உரிமம் இல்லாமல் ஓட்டுவது, வயது வராதவர் ஓட்டுவது, 39-ஆவது பிரிவின்படி பதிவு செய்யாத வண்டியை ஓட்டுவது, பர்மிட் இல்லாமலோ பர்மிட் நிபந்தனையை மீறியோ ஓட்டுவது. காப்பீடு இல்லாமல் ஓட்டுவதைத் தடுக்கும் 146-ஆவது பிரிவு இந்த வரிசையில் இல்லை. இன்சூரன்ஸ் தேதி முடிந்துபோனது என்ற ஒரே காரணத்துக்காக வண்டியை ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போக 207 இடம் தரவில்லை என்பதே அந்த வாசகத்தின் நேர்பொருள். அபராதம் விதிக்கலாம், வழக்குப் போடலாம். 196-ஆவது பிரிவின்படி முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000, மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் வழி உண்டு. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டக் கொடுத்த உரிமையாளரும் இதில் சிக்குவார்.

பதிவு விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. பதிவில்லாத வண்டிக்கு 192-ஆவது பிரிவில் முதல் முறையே ரூ.2,000-க்குக் குறையாமல் ரூ.5,000 வரை அபராதம். வண்டியையும் பிடித்து வைக்கலாம். கிராமத்து வீடுகளில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2008-இல் வாங்கி, இன்றும் தோட்டத்துக்குப் பால் கேனும் தீவனமும் சுமக்கும் வண்டியின் பதிவு என்றைக்கோ முடிந்திருக்கும். அது திருட்டு வண்டி அல்ல, புதுப்பிக்காத வண்டி. சோதனையில் நிற்கிற அதிகாரி இந்த வேறுபாட்டைப் பார்த்து, புதுப்பிக்கச் சொல்லி அனுப்பினால் அது நல்ல காவல். சட்டம் அவருக்கு அந்த விருப்புரிமையையும் தந்திருக்கிறது. பறிமுதல் 'செய்யலாம்' என்றுதான் பிரிவு சொல்கிறது.

காப்பீட்டுச் சான்று கையில் இல்லை, ஆனால் வீட்டில் இருக்கிறது என்றால்? அதற்கும் 158-ஆவது பிரிவே வழி சொல்கிறது. கேட்ட நாளிலிருந்து ஏழு நாளைக்குள், நீங்கள் குறிப்பிடும் காவல் நிலையத்தில் சான்றைக் காட்டிவிட்டால், அன்று காட்டவில்லை என்பதற்காகத் தண்டிக்க முடியாது. பிடிபட்ட பிறகு அவசரமாக பாலிசி எடுத்துவந்து காட்டுவதற்கு இது உதவாது. பிடித்த நேரத்தில் காப்பீடு உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது சாவி. வண்டி நின்றதும் நிற்காததுமாகக் கையை நீட்டிச் சாவியை உருவுவது தமிழ்நாட்டுச் சாலைகளில் பழக்கமாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியில் சாவியைத் திருகுவது ஆளைக் கீழே தள்ளிவிடும். நின்ற வண்டியின் சாவியைப் பிடுங்குவதோ, எழுத்தில் எதுவும் தராமல் வண்டியையே பறிமுதல் செய்வதற்குச் சமம். 207-ஆவது பிரிவின்படி முறையாகப் பிடித்த வண்டியைக்கூட, ஆவணங்களோடு மனுக்கொடுத்து விடுவித்துக்கொள்ள உரிமையாளருக்கு வழி இருக்கிறது. சாவி பறிபோனவருக்கு அந்த வழியும் இல்லை; கெஞ்சத்தான் வேண்டும். கெஞ்சுகிற இடத்தில்தான் காசு கைமாறுகிறது.

துவாக்குடியும் சேலமும்

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு இரண்டு முறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2018 மார்ச் 7 அன்று திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனை. நிற்காமல் போன ஒரு தம்பதியைக் காவல் ஆய்வாளர் ஒருவர் பைக்கில் துரத்திச் சென்று வண்டியை எட்டி உதைத்தார். கீழே விழுந்த அந்த இளம்பெண் இறந்துபோனார். அன்றிரவு ஆயிரக்கணக்கானோர் சாலையில் உட்கார்ந்தார்கள், தடியடி நடந்தது. ஆய்வாளர் கைதானார், பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார். 2021 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், சேலம் மாவட்டத்துச் சோதனைச்சாவடி ஒன்றில் நிறுத்தப்பட்ட ஒருவரைச் சிறப்பு உதவி ஆய்வாளர் லத்தியால் அடித்தார். அடிபட்டவர் பிழைக்கவில்லை. அந்த அதிகாரியும் கைதானார்.

ஹெல்மெட் போடாததற்கு இன்று தமிழ்நாட்டில் அபராதம் ரூ.1,000. அன்று வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தால் அபராத நோட்டீஸ் வீட்டு முகவரிக்கே போய்ச் சேர்ந்திருக்கும். துரத்துவதற்கு அங்கே அவசியமே இருக்கவில்லை. சாலைச் சோதனை நடத்துகிற ஒவ்வொரு நிலையத்திலும் புதிதாக வருகிற காவலருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டியது துவாக்குடி என்று நினைக்கிறேன்.

பிறகு எதற்குச் சோதனை?

இவ்வளவும் சொன்ன பிறகு, சோதனையே வேண்டாம் என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணம், காப்பீடு.

மூன்றாம் நபர் காப்பீடு ஓட்டுகிறவருக்காக ஏற்பட்டதல்ல. அந்த வண்டியால் அடிபடுகிறவருக்காக ஏற்பட்டது. நான்குவழிச் சாலையைக் கடந்து ஆலைக்குப் போகிற ஒரு பெண்ணை பைக் ஒன்று மோதிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் ஏற்கும். இது 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட திட்டம், நல்ல திட்டம். ஆனால் கால் போன பிறகு உள்ள முப்பது ஆண்டுகளுக்கு? அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார். பைக் ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்றாலும், வண்டிக்கு பாலிசி இருந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். உச்ச நீதிமன்றம் 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் வகுத்துத் தந்த வழி அது. பாலிசியே இல்லை என்றால் தீர்ப்பு அந்த பைக்காரர் பெயரில் மட்டும் வரும். அவரும் இன்னொரு ஆலைத் தொழிலாளிதான். எட்டு லட்சத்துக்கு அவர் எங்கே போவார்? இரண்டு குடும்பங்கள் ஒரே விபத்தில் விழும்.

நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாதவை என்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளே சொல்கின்றன. அவற்றில் பெரும்பங்கு இருசக்கர வண்டிகள்.

இதைச் சரிசெய்யப் போராடியவர் நம் பக்கத்து ஊர்க்காரர். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகள் குறித்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். உடைந்த எலும்புகளோடு வருகிறவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்கிற ஒரு மருத்துவர், எலும்பு உடையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டு நீதிமன்றப் படியேறினார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில் உத்தரவு வந்தது: செப்டம்பர் 1 முதல் விற்கும் புது கார்களுக்கு மூன்று ஆண்டு, இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும்.

பெரிய மாற்றம்தான். ஆனால் ஆறாவது ஆண்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2018 செப்டம்பரில் வேடசந்தூரில் ஒருவர் வாங்கிய ஸ்கூட்டரின் காப்பீடு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. ஐந்து வருடம் எதையும் புதுப்பிக்காமல் ஓட்டிப் பழகிய கை அது. சாலை வரி ஆயுளுக்கும் கட்டியாகிவிட்டது. பதிவு 15 வருடம். இடையில் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டிய வேலை இல்லை. இலங்கையில் ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். காப்பீட்டுச் சான்றைக் காட்டாமல் அது கிடைக்காது. அதனால் அங்கே ஆண்டுக்கு ஒரு முறை அரசே எல்லா வண்டியையும் பார்த்துவிடுகிறது. நம் ஊரில் அப்படி ஒரு வாசல் இல்லை. ஆறாவது ஆண்டிலிருந்து பதினைந்தாவது ஆண்டு வரை, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்கப்போகிற ஒரே ஆள் சாலையோரத்தில் நிற்கிற காவலர்தான். அவர் ஹெல்மெட்டை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், கேட்க யாருமே இல்லை.

75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஓராண்டு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், 2022-இல் நிர்ணயித்தபடி, ரூ.714, வரி தனி. வரி இல்லாமல் மாதத்துக்கு ஏறக்குறைய அறுபது ரூபாய். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு காரியம் செய்வீர்கள் என்றால், வீட்டு வண்டியின் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். கூடவே இன்னொன்று: இந்த அடிப்படைக் காப்பீடு பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் திலக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. மனைவியைப் பின்னால் ஏற்றி ஆலை வாசலில் விடுகிறவர்கள் தனியாகக் கேட்டு, அதற்கும் சேர்த்து பாலிசி எடுக்க வேண்டும். முகவர்கள் தாமாகச் சொல்வது அபூர்வம்.

பெயர் மாற்றாமல் விற்ற வண்டிகள் இன்னொரு கண்ணிவெடி. பழைய எக்ஸ்எல்லைக் கைமாற்றிவிட்டு, ஆர்.சி. புக்கைக் கொடுத்துக் காசை வாங்கினால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ஆவது பிரிவு. தெரிவிக்காவிட்டால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது. அந்த வண்டி நாலு கை மாறியிருந்தாலும் முதல் உரிமையாளரே பொறுப்பு என்று வந்த வழக்கு அது. சாலையில் ஆர்.சி.யைக் கேட்கிற காவலர், விற்றவருக்கும் சேர்த்து ஒரு உபகாரம் செய்கிறார்.

காகிதம் போய், எண் பலகை

2017-இல் ஒரு விசித்திரம் நடந்தது. செப்டம்பர் முதல் எல்லோரும் அசல் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. அறிவித்தவர் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் எம்.ஆர். விஜயபாஸ்கர், வேடசந்தூருக்கு அடுத்த கரூர்க்காரர். லாரி உரிமையாளர்கள் கொதித்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் போனது. தொலைந்தால் டூப்ளிகேட் வாங்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத்தானே தெரியும்? அடுத்த ஆண்டு நவம்பரிலேயே மத்திய அரசு மோட்டார் வாகன விதி 139-ஐத் திருத்தியது. அரசுச் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உள்ள மின்னணு ஆவணமே போதும் என்றானது.

2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த அடுத்த திருத்தம் இன்னும் ஆழமானது. ஆவணம் செல்லுபடியாகிறது என்று மின்னணு வழியில் அதிகாரி உறுதி செய்துகொண்டால், காகிதத்தைக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு சோதனையின்போதும் தேதி, நேரம், சோதித்த அதிகாரியின் அடையாளம் ஆகியவை இணையத்தளத்தில் பதிவாக வேண்டும். தேவையில்லாமல் திரும்பத் திரும்ப நிறுத்தி ஓட்டுநர்களை அலைக்கழிப்பது இதனால் குறையும் என்று மத்திய அரசே காரணமும் சொன்னது. காய்கறி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற மினி வேன் ஓட்டுநரைக் கேட்டால் இந்த விதியின் அருமையைச் சொல்வார். ஆனால் விதி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

இங்கேதான் வெளிநாட்டு வழக்குகள் நமக்குப் பயன்படுகின்றன. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், எந்தச் சந்தேகமும் இல்லாமல் உரிமத்தையும் பதிவையும் பார்ப்பதற்காக மட்டும் ஒரு காரைக் காவலர் நிறுத்தினார். 1979-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. எல்லா வண்டியையும் ஒரே மாதிரி நிறுத்துகிற தடுப்புச் சோதனை என்றால் பரவாயில்லை. ஒருவரை மட்டும் காவலரின் மனம்போல் பொறுக்கி நிறுத்துவதுதான் தவறு என்பது அதன் சாரம். 2022-இல் கியூபெக் நீதிமன்றம், இப்படிப்பட்ட தற்செயல் நிறுத்தங்கள் கறுப்பின ஓட்டுநர்கள் மேல் அதிகம் விழுகின்றன என்று கண்டு, அந்த அதிகாரத்தையே செல்லாததாக்கியது. பிரிட்டனில் இன்றும் சீருடைக் காவலர் காரணமின்றி நிறுத்தலாம். காப்பீடில்லாத வண்டியைப் பறிமுதல் செய்யவும் அங்கே தனிப் பிரிவு உண்டு. ஆனால் அங்கே காப்பீடு இல்லாதவரைக் கண்டுபிடிப்பதில் எண் பலகையைப் படிக்கும் கேமராவும் காப்பீட்டுத் தரவுத்தளமும் பெரும்பங்கு வகிக்கின்றன.

நம் ஊரில் யார் பொறுக்கி நிறுத்தப்படுகிறார்கள்? காரில் போகிறவரைவிட எக்ஸ்எல்லில் போகிறவர். வேட்டி மடித்துக் கட்டியவர். வெளிமாவட்ட எண் உள்ள லோடு வண்டி. வட மாநிலத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்து, யாரோ ஒருவருடைய வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிற பையன். இந்தப் பட்டியலை மறுக்கிறவர்கள் ஒரு மாலை நேரம் சோதனை நடக்கிற இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

வண்டி எண்ணைத் தட்டினாலே பதிவு எப்போது முடிகிறது, காப்பீடு இருக்கிறதா, புகைச் சான்று உண்டா என்று கைக்கருவியில் வந்துவிடுகிறது. அப்படியிருக்க, ஆளைப் பார்த்து நிறுத்துவதற்குப் பதிலாக எண்ணைப் பார்த்து நிறுத்தலாம். காப்பீடு முடிந்த வண்டிதான் நிற்கும். சரியாக வைத்திருப்பவர் போய்க்கொண்டே இருப்பார். நிறுத்தப்பட்டவருக்கும் காரணம் சொல்லிவிடலாம்: உங்கள் இன்சூரன்ஸ் ஜூனில் முடிந்துவிட்டது. அதன் பிறகு வாக்குவாதத்துக்கு என்ன இருக்கிறது? கேமராவிலும் உடலில் பொருத்தும் கேமராவிலும் பதிவான குற்றங்களுக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப 2021-இல் விதி 167ஏ வந்தது. சாலையில் நின்று வாங்கும் ஸ்பாட் ஃபைனை மட்டுமே நம்பியிருந்த காலம் சட்டத்தில் எப்போதோ முடிந்துவிட்டது.

வேடசந்தூர் உட்கோட்டத்தில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். கடந்த மாதம் எத்தனை வண்டிகள் நிறுத்தப்பட்டன, அவற்றில் காப்பீடு இல்லாதவை எத்தனை, விதி 139-இன்படி இணையத்தளத்தில் பதிவானவை எத்தனை, பிடித்த வண்டிகள் எந்தப் பிரிவின் கீழ் பிடிக்கப்பட்டன. தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த நாலு கேள்வியையும் ஒரே மனுவில் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் வர வேண்டும்.